அணுக்கழிவு: கண்ணாடியே போதுமா, கலப்புப் பொருள் வேண்டுமா?

பாறைமனிதன்: உயர்நிலைக் கழிவை, அதாவது கதிர்வீச்சு மிக அதிகமுள்ள அணுக்கழிவை, போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி எஃகு உருளையில் ஊற்றுவதுதான் பிரான்சின் லா ஹேக் முதல் அமெரிக்காவின் சவானா ரிவர் வரை நடைமுறை. இன்னும் எத்தனை காலத்துக்கு இதையே கட்டிக்கொண்டு அழுவது? 1978இலேயே ஆஸ்திரேலியாவின் டெட் ரிங்வுட் 'சின்ராக்' என்ற செயற்கைப் பாறையை உருவாக்கிவிட்டார். அதிலுள்ள கனிமங்களில் ஹாலண்டைட் சீசியத்தைப் பிடிக்கும், பெரோவ்ஸ்கைட் ஸ்ட்ரான்சியத்தை, சிர்கோனோலைட் புளூட்டோனியம் வகையறாவை. இதோடு கொஞ்சம் கண்ணாடியும் சேர்த்தால், படிகத்தில் இடம் கிடைக்காத மிச்சம் அதில் அடங்கிவிடும். நான் சொல்லும் கலப்புப் பொருள் இதுதான்.

உலைக்காரன்: எழுத்தில் அழகாத்தான் இருக்கு. கழிவுத் தொட்டியில் கிடப்பது சோடியம், இரும்பு, அலுமினியம் எல்லாம் கலந்த கூழ் ஐயா. தொட்டிக்குத் தொட்டி கலவை மாறும். கண்ணாடி பெரும்பாலானதை விழுங்கிவிடும். அப்புறம், 2007இல் கேம்பிரிட்ஜ் குழு சொன்னது நினைவிருக்கா? சிர்கான் என்ற கனிமத்தில் புளூட்டோனியம்-239ஐ 10 சதவீதம் வைத்தால், கதிர்வீச்சால் சுமார் 1,400 ஆண்டிலேயே படிக ஒழுங்கு குலைந்துவிடும். புளூட்டோனியத்தின் அரை ஆயுளோ 24,100 ஆண்டு.

பாறைமனிதன்: நான் பேசுவது சிர்கோனோலைட், நீங்க காட்டுவது சிர்கான். ஒழுங்கு குலைந்தால் கரைந்துவிடும் என்று யார் சொன்னது? இயற்கைச் சிர்கோனோலைட் உருக்குலைந்த பிறகும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக யுரேனியத்தை உள்ளே வைத்திருக்கிறது. உங்க உலை ஓடுவது 1,100 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் சீசியம் ஆவியாகக் கிளம்பும், அதைப் பிடிக்கத் தனி வடிகட்டி வேணும். சின்ராக்கை, மூடி வெல்டிங் செய்த டப்பாவில் வைத்து எல்லாப் பக்கமும் அழுத்திச் சூடாக்கும் முறையில் சீசியம் எங்கே போகும்?

துரு: இரண்டு பேரும் கழிவுக் கட்டியைப் பற்றியே பேசறீங்க. அது தொட்டுக்கொண்டிருக்கும் டப்பாவை மறந்துட்டீங்க. 2020இல் வெளியான ஆய்வில் துருப்பிடிக்காத எஃகைக் கண்ணாடியோடும் ஹாலண்டைட்டோடும் ஒட்டவைத்து, 90 டிகிரி உப்புநீரில் 30 நாள் போட்டார்கள். இடுக்கில் எஃகு கரைந்து, அந்த உலோக அயனிகள் நீரை அமிலமாக்கி, அந்த அமிலம் பக்கத்துப் பொருளை அரித்தது. தனித்தனியே இருந்தால் இந்த வேகம் கிடையாது. கலப்புப் பொருள் என்றாலே ஒட்டுமிடங்கள் அதிகம். அங்கே என்ன நடக்கும் என்று பார்த்தீர்களா?

உலைக்காரன்: அதனால்தானே ஸ்வீடன்காரன் 5 செ.மீ. செம்புக் கலன், சுற்றிலும் பென்டோனைட் களிமண், பாறைக்குள் சுமார் 500 மீட்டர் ஆழம் என்று திட்டம் போட்டான்? தண்ணீர் வந்து சேர்ந்தால்தானே அரிப்பு.

பாறைமனிதன்: அது எரிந்த எரிபொருளை அப்படியே புதைக்கும் திட்டம். எரிந்த எரிபொருளிலிருந்து பயன்படுவதைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் திரவத்தைச் செம்புக் கலனிலா ஊற்றுவீர்கள்? முதலில் ஏதோ ஒரு திடப்பொருளாக்கித்தானே ஆகணும். துரு சாருக்கு ஒன்று: 30 நாள் வெந்நீரை வைத்து லட்சம் ஆண்டுக்குத் தீர்ப்பா?

துரு: தீர்ப்பு சொல்லலை. அமெரிக்காவில் கழிவுக் கண்ணாடிக்கு வைக்கும் தரச் சோதனையே 90 டிகிரி நீரில் 7 நாள்தான். அதிலும் கண்ணாடியை எஃகோடு இறுக்கி ஒட்டவைத்துப் பார்ப்பதில்லை. உங்க கலப்புப் பொருளை எஃகோடு ஒட்டவைத்து எடுத்த அளவு இருந்தால் போடுங்க, பேசுவோம்.