பழைய ஆங்கிலப் பெயர்கள்: மில்ட்ரெட், எடித், ஆட்ரி... பொருளை எப்படிச் சரிபார்ப்பது?

தேன்துளி:
வணக்கம். இங்கிலாந்தில் பிறக்கப்போகும் குழந்தைக்கு, அதிகம் கேள்விப்படாத ஆங்கிலப் பெயராகப் பார்க்கிறோம். பெண் என்றால் மில்ட்ரெட், எடித், ஆட்ரி, எலோவென். ஆண் என்றால் வில்ஃப்ரெட், பெரிக்ரின். பெயர்த் தளங்களில் ஆளுக்கொரு பொருள் போட்டிருக்கிறார்கள். எடித்துக்கு ஒன்றில் 'செல்வம்', இன்னொன்றில் 'போர்'. எதை நம்புவது? பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

வேர்காண்:
இரண்டு தளமும் பாதிப் பாதி சொல்கின்றன. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன் அங்கே வழங்கிய பெயர்களில் பெரும்பகுதி இரண்டு சொற்கள் ஒட்டியவை. எடித் = ஏட் (செல்வம், நற்பேறு) + கீத் (போர்). கயல்விழி என்றால் கயல் போன்ற விழி என்று நாம் விரித்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் இங்கே 'செல்வத்துக்கான போர்' என்றெல்லாம் விரித்தால் தப்பு. அங்கே சொற்கள் பெரும்பாலும் குடும்ப வழியாக வந்து சேர்ந்தவை.

நல்ல சான்று, வூஸ்டரில் ஆயராக இருந்து 1095இல் இறந்த வுல்ஃப்ஸ்டன். அப்பா பெயர் ஏத்தெல்ஸ்டன், அம்மா பெயர் வுல்ஃப்கிவு. அம்மாவிடமிருந்து 'ஓநாய்', அப்பாவிடமிருந்து 'கல்'. ஓநாய்க்கும் கல்லுக்கும் உறவு தேட வேண்டியதில்லை. பெற்றோர் இருவர் பெயரிலும் பாதி பாதி பிள்ளைக்கு வந்திருக்கிறது. எனக்கு இது எந்த அகராதிப் பொருளையும்விட அழகாகத் தெரிகிறது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் 'ரெட்' என்று முடியும் பெயர்கள். காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேர் வேறு வேறு:

ஆல்ஃப்ரெட்: ஆல்ஃப் (காட்டுத் தேவதை போன்ற ஓர் இனம்) + ராட் (அறிவுரை).
வில்ஃப்ரெட்: வில் (விருப்பம்) + ஃப்ரித் (அமைதி).
மில்ட்ரெட்: மில்ட் (மென்மை) + த்ரூத் (வலிமை).

மில்ட்ரெட்டுக்கு 'மென்மையான அறிவுரை' என்று எங்காவது பார்த்தால், எழுதியவர் ஆல்ஃப்ரெட்டின் வாலை இதில் ஒட்டிவிட்டார் என்று பொருள். வினிஃப்ரெட் இன்னும் ஏமாற்றும். அது வேல்ஸ் மொழியின் க்வென்ஃப்ரெவி, ஆங்கிலப் பெயர் போல எழுத்து மாறிக்கொண்டது.

சரிபார்க்கும் முறை எளிது. முதலில் அந்தப் பெயரின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைக் கண்டுபிடியுங்கள். இன்றைய வடிவத்தை உடைக்காதீர்கள். பிறகு இரண்டாகப் பிரித்து, இரண்டு பகுதியையும் பாஸ்வொர்த்-டாலர் அகராதியில் (அக்கால ஆங்கிலமான 'பழைய ஆங்கில' மொழிக்கானது) தனித்தனியாகத் தேடுங்கள், இணையத்தில் இலவசம். பின்பகுதி இலக்கணப்படி பெண்பாற் சொல்லானால் (அம்மொழியில் உயிரற்றவற்றுக்கும் பால் உண்டு) பெரும்பாலும் பெண் பெயர். கீத் பெண்பாற் சொல், 'போர்' பெண் பெயரில் வருவது இதனால்தான்.

தேன்துளி:
மிக்க நன்றி. அப்படியானால் ஆட்ரி? அதில் இரண்டு சொல் இருப்பதாகவே தெரியவில்லையே. எத்தல் என்ற பெயரும் வீட்டில் பேச்சில் இருக்கிறது.

வேர்காண்:
ஆட்ரி தேய்ந்துபோன பெயர். மூலம் ஏத்தெல்த்ரூத்: 'உயர்குடி' + 'வலிமை'. மில்ட்ரெட்டில் இருக்கும் அதே த்ரூத். 673இல் ஈலியில் மடம் நிறுவிய அரசியின் பெயர் அது. லத்தீனில் எத்தெல்ட்ரீடா ஆகி, மக்கள் வாயில் ஆட்ரி ஆனது. ஈலிச் சந்தையில் அவர் பெயரால் விற்ற கழுத்துப் பட்டு நாடாவிலிருந்துதான் 'டாட்ரி' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. 'மலிவான பகட்டு' என்று பொருள். சொல் கெட்டது, பெயர் கெடவில்லை. தயங்காமல் வைக்கலாம்.

எத்தல் அந்த முன்பகுதி மட்டும். 19ஆம் நூற்றாண்டில்தான் தனிப் பெயராகப் பரவியது. 'உயர்குடி' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புன்னைநிழல்:
எலோவென் ஆங்கிலமே இல்லை. கார்ன்வால் பகுதியின் கார்னிஷ் மொழி. 'எலோ' என்றால் எல்ம் மரங்கள், 'என்' சேர்ந்தால் ஒற்றை மரம். பழங்காலப் பெயர் என்று தளங்கள் சொல்வதை நம்ப வேண்டாம். சொல் பழையது, பெயராக வைப்பது 20ஆம் நூற்றாண்டு வழக்கம். அதே மொழியில் கெரென்சா (அன்பு), லொவென்னா (மகிழ்ச்சி) இரண்டையும் பாருங்கள். தமிழ் பேசும் தாத்தா பாட்டி வாயில் உடையாமல் வரும். மில்ட்ரெட் 'மில்ட்ரெட்டு' ஆகிவிடும்.

கல்வெட்டு:
பெரிக்ரின் லத்தீன் வழி: அயலான், வழிப்போக்கன். 1620இல் இங்கிலாந்திலிருந்து குடியேறிகளை ஏற்றிச்சென்ற மேஃப்ளவர் கப்பல் அமெரிக்காவின் கேப் காட் துறையில் நின்றபோது பிறந்த பிள்ளைக்குப் பெரிக்ரின் வைட் என்று வைத்தார்கள். அண்ணன் பெயர் ரிசால்வ்டு, 'உறுதிகொண்டவன்'. அதே கப்பலில் வந்த வில்லியம் ப்ரூஸ்டரின் பிள்ளைகள் பேஷன்ஸ், ஃபியர், லவ், ரெஸ்லிங்: பொறுமை, அச்சம், அன்பு, மல்லாட்டம். அச்சம் என்றது இறையச்சத்தை. பியூரிட்டன் (கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறித்தவர்) பெயர்களில் பேஷன்ஸ், ப்ரூடென்ஸ், டெம்பரன்ஸ் இன்றும் உறுத்தாமல் வைக்கலாம்.

பதிவு பற்றி: இங்கிலாந்து, வேல்ஸில் 42 நாளுக்குள், ஸ்காட்லாந்தில் 21 நாள். பதிவாளர் காட்டும் பக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், பிறகு பிழை திருத்த விண்ணப்பம் போட வேண்டும். மனம் மாறினால் பதிவிலிருந்து 12 மாதத்துக்குள் முதற்பெயரை மாற்றலாம். ஆனால் பழைய பெயர் அழியாது, புதியது தனிக் கட்டத்தில் சேரும்.

எவ்வளவு அரிது என்று பார்க்க, தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் ஆண்டுப் பட்டியல் இருக்கிறது. குறைந்தது 3 குழந்தைகளுக்கு வைத்த பெயரெல்லாம் அதில் வரும். ஒவ்வோர் எழுத்து வடிவத்தையும் தனிப் பெயராக எண்ணுவார்கள். எனவே ஒரு 'எல்', இரண்டு 'எல்' என எல்லா வடிவங்களையும் தேடிக் கூட்டிப் பாருங்கள். இல்லாவிட்டால் பரவலான பெயரும் அரிதாகத் தோன்றும்.