புதுப்பிப்பு: மசெராட்டி 250எஃப் மூக்குத் தகடு வளைந்துவிட்டது

1957 ஜெர்மன் கிராண்ட் பிரீ கார் பந்தயத்தில் ஓட்டுநர் ஃபாஞ்சியோ வென்ற மசெராட்டி 250எஃப் காரின் 1:8 மாதிரிக்கு அலுமினியத் தகட்டில் உடல் அடிக்கிறேன், மூக்கு வளைவில் தகடு விரிசல் விடுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை காரைக்குடியிலேயே இருந்தது. பாத்திரக் கடைத் தெருவில் ஒரு ஆசாரி தகட்டைச் சுண்டிப் பார்த்தார். “தம்பி, இது இறுகிப்போய்விட்டது. சுட்டு இளக்காமல் இனி ஓர் அடியும் அடிக்காதீர்கள்” என்றார்.

அலுமினியத்தைச் சுடுவதில் ஒரு சிக்கல். செம்பு போலச் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியில் சட்டென்று உருகிவிடும். அதனால் தகட்டில் துணி சோப்பைத் தேய்த்து, பின்புறம் தீயைக் காட்ட வேண்டும். சோப்பு கறுத்ததும் தீயை விலக்கிவிட வேண்டும். ஆறிய தகடு கையாலேயே வளைகிறது. சிறிது நேரம் தட்டினால் மறுபடி இறுகும், மறுபடி சூடு.

தகட்டை மேலே வைத்து அடிக்கும் அச்சுக்கட்டை, முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய உடைந்த தேக்குத் தூண். செட்டிநாட்டு வீட்டைத் தாங்கியது இப்போது இத்தாலியக் காரைத் தாங்குகிறது. ஆச்சிக்கு அதில் வருத்தம்தான்.

ஃபைபரில் வார்க்கச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி, ஆனால் அசல் வண்டியே கையால் அடித்த அலுமினியம். வால் பகுதியைத் தனியாக அடித்து ரிவெட் வைக்கிறேன். சக்கரக் கம்பிகளுக்கு வீணைத் தந்தி சரிவருமா? பின்னிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.