மெயின்ல டெவலப் மட்டும்தான் மெர்ஜ் ஆகணும், ஆனா எல்லாமே ஆகுது (அவசரம்)

வியாசர்பாடி_பையன்
எங்க ரெப்போல (கோடு வச்சிருக்குற இடம்) மெயின் கிளைக்கு டெவலப் கிளைல இருந்து மட்டும் கோடு வரணும்னு ரூல் போட்டாச்சு. ஃபீச்சர் கிளைல (புது வேலைக்கான தனிக் கிளை) இருந்து நேரா பிஆர் (புல் ரிக்வெஸ்ட், மெர்ஜ் பண்ணிச் சேர்த்துக்கச் சொல்லிக் கேக்குறது) போட்டாலும் மெர்ஜ் பட்டன் பச்சையாவே இருக்கு. நைட்டு ரிலீஸ்பா, யாராச்சும் சொல்லுங்க.

ராயபுரம்_ரீபேஸ்
ரெப்போ எந்த சைட்டுல, கிட்ஹப்பா, கிட்லேபா? பிரைவேட் ரெப்போவா? அப்படின்னா எந்த பிளான்? இலவச பிளான்ல பிரைவேட் ரெப்போவுக்கு கிளைப் பாதுகாப்பு (கிளைக்குள்ள எது சேரலாம்னு கட்டுப்படுத்துற செட்டிங்) வேலை செய்யாது. "ரூல்"னு எதைச் சொல்றீங்க?

தண்டையார்பேட்டை_டெர்மினல்
அட்மின் கணக்குலயே டெஸ்ட் பண்றீங்க, வேற ஒண்ணுமில்ல. ரூலை அட்மினும் பைபாஸ் பண்ண விடாதேங்கிற டிக்கைப் போடுங்க.

எண்ணூர்_ஷெல்
தம்பி, கேக்குறதுக்கு முன்னாடி டாக்குமெண்ட்டைப் புரட்டணும். பாதுகாப்பு ரூல் போய்ச் சேர்ற கிளைக்குத்தான். எங்கேருந்து வருதுன்னு பாக்குற செட்டிங்கே கிட்ஹப்ல கிடையாது. எத்தனை வாட்டிதான் இதையே எழுதுறது.

வியாசர்பாடி_பையன்
கிட்ஹப், பிரைவேட், டீம் பிளான். டெஸ்ட் பண்ணது சாதா கணக்கு. ஆக்‌ஷன்ஸ்ல (கிட்ஹப்பே ஸ்கிரிப்டை தானா ஓட்டுற வசதி) ஒரு ஜாப் எழுதி ரெக்வயர்டு செக்கா (பாஸ் ஆனாத்தான் மெர்ஜ்) வச்சிருக்கேன். ஹெட் ரெஃப் (பிஆர் வர்ற கிளையோட பேர்) டெவலப்பா இருந்தாத்தான் ஓடணும்னு ஜாப் மேல இஃப் கண்டிஷன் இருக்கு.

ராயபுரம்_ரீபேஸ்
இதை முதல்லயே சொல்லிருக்கலாமே! இஃப் பொய்யானா ஜாப் ஸ்கிப் ஆகும். ஸ்கிப் ஆன ஜாப் கிட்ஹப் கணக்குல பாஸ். ரெக்வயர்டு செக்கா இருந்தாலும் அதேதான். அந்த இஃப்பைத் தூக்குங்க. ஜாப் எப்பவும் ஓடட்டும், உள்ள ஸ்டெப்ல ஹெட் ரெஃப் டெவலப் இல்லன்னா எக்ஸிட் 1, அதாவது ஃபெயில்.

கிளைப் பேரை ஸ்கிரிப்ட்ல நேரா ஒட்டாதீங்க, என்வ் வேரியபிள் (ஸ்கிரிப்டுக்கு வெளியில இருந்து குடுக்குற மதிப்பு) வழியா எடுங்க. கிளைப் பேர்லயே ஷெல் கமாண்டை நுழைக்க முடியும். ஃபோர்க் (ரெப்போவோட தனி நகல்) அனுமதி இருந்தா பிஆர் வர்ற ஹெட் ரெப்போவோட முழுப் பேரையும் ஒப்பிடணும், ஏன்னா ஃபோர்க்ல இருக்குற கிளைக்கும் டெவலப்னு பேர் வைக்கலாம். ஜாப் எப்ப கிளம்பணும்னு சொல்ற ட்ரிகர் டைப்ல எடிட்டட்டும் (பிஆர் விவரத்தை மாத்தினது) சேர்க்கணும். இயல்பா வர்றது ஓபன்ட், சிங்க்ரனைஸ் (பிஆர்ல புது கோடு சேர்ந்தது), ரீஓபன்ட் மூணுதான். டெவலப்புக்குப் போட்ட பிஆரை மெயினுக்கு மாத்தினா ஜாப் கிளம்பாது, செக் காத்துக்கிட்டே நிக்கும்.

தண்டையார்பேட்டை_டெர்மினல்
இவ்ளோ எதுக்கு? கிட்ல (கிட்ஹப்புக்கு அடியில இருக்குற டூல்) 2.24ல இருந்து ப்ரீ மெர்ஜ் கமிட் ஹூக் (மெர்ஜை முடிக்கிறதுக்கு முன்னாடி தானா ஓடுற ஸ்கிரிப்ட்) இருக்கே.

எண்ணூர்_ஷெல்
அது அவங்கவங்க மெஷின்ல ஓடுறது. ஃபாஸ்ட் ஃபார்வேர்டுக்கு (தனியா மெர்ஜ் கமிட் உருவாகாத மெர்ஜ்) ஓடவே ஓடாது, நோ வெரிஃபை ஆப்ஷன் போட்டா தாண்டிடலாம். பட்டன்ல பண்ற மெர்ஜுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

பெரம்பூர்_டிரங்க்
டெவலப் கிளையே எதுக்குங்க? 2010ல இந்த டெவலப் கிளை முறையை, அதான் கிட் ஃப்ளோவை, எழுதினவரே 2020ல, தொடர்ந்து டெலிவர் பண்ற வெப் ஆப்புக்கு எளிமையான முறையே போதும்னு குறிப்பு போட்டுட்டாரு.

ராயபுரம்_ரீபேஸ்
அவருக்கு இன்னிக்கு நைட்டு ரிலீஸ் இல்லைங்க. ரயில் எந்த லைன்ல வந்தாலும் சென்னை சென்ட்ரலுக்கு பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் தாண்டித்தானே போகணும், அப்படி ஒரு இடம் இவங்களுக்கு வேணும்.

பெரம்பூர்_டிரங்க்
அந்த பேசின் பிரிட்ஜ்லதான் வண்டியை நிறுத்தியும் வைப்பாங்க. டெவலப்ல ரெண்டு வாரம் கிடக்குற கோடு மாதிரி.

எண்ணூர்_ஷெல்
ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்தம்) எந்த வழில போகும்னும் யோசிக்கணும். ஹாட்ஃபிக்ஸ்னு ஆரம்பிக்கிற கிளையை விட்டீங்கன்னா எல்லாரும் அந்தப் பேர்லயே கிளை போடுவாங்க. கிளைப் பேர் வெறும் லேபிள்.

வியாசர்பாடி_பையன்
எக்ஸிட் 1 வச்சதும் சிவப்பு வந்துடுச்சு. தேங்க்ஸ்பா.

ராயபுரம்_ரீபேஸ்
எடிட்டட் சேர்த்தீங்களா?

ராயபுரம்_ரீபேஸ்
ஹலோ?