48 பேரை 6 சமநிலைக் குழுக்களாக விரிதாளில் பிரிப்பது எப்படி?

கேள்வி:
பயிற்சி வகுப்பு ஒன்றிற்காக 48 பேரை எட்டெட்டுப் பேர் கொண்ட 6 குழுக்களாகப் பிரிக்க வேண்டியுள்ளது. எக்செல் விரிதாளில் பெயர், பாலினம், துறை, தேர்வு மதிப்பெண் ஆகிய நான்கு நெடுவரிசைகள் உள்ளன. ராண்ட் சார்பைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் குலுக்கல் எண் கொடுத்து வரிசைப்படுத்தியதில், ஒரு குழுவின் சராசரி 71 ஆகவும் மற்றொன்றின் சராசரி 58 ஆகவும் அமைந்துவிட்டன. கணக்குத் துறையினர் ஐவரில் மூவர் ஒரே குழுவில் சேர்ந்துவிட்டனர். போதாக்குறைக்கு, எந்தக் கலத்தைத் திருத்தினாலும் எண்கள் அனைத்தும் மாறிவிடுகின்றன. மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதும் சிறு நிரல்) எழுதாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1:
எண்கள் மாறுவது எளிதில் தீரும். அந்த நெடுவரிசையை நகலெடுத்து, அதே இடத்தில் மதிப்புகளாக மட்டும் ஒட்டிவிடுங்கள்.

குலுக்கல் பாரபட்சத்தைத்தான் தவிர்க்கும், சமநிலையைத் தராது. மதிப்பெண்ணை இறங்குவரிசையில் அடுக்கி, 1 முதல் 48 வரை வரிசை எண் இட்டு, முதல் ஆறு பேருக்குக் குழு 1 முதல் 6 வரையும் அடுத்த ஆறு பேருக்கு 6 முதல் 1 வரையும் எனப் பாம்பு போல வளைத்துக் கொடுங்கள். வளைக்காமல் நேராகவே சுற்றினால் முதல் குழுவின் வரிசை எண்களைக் கூட்ட 176 வரும், ஆறாம் குழுவுக்கோ 216. வளைத்தால் எல்லாக் குழுக்களுக்கும் 196தான்.

சூத்திரமும் சிறியதே: வரிசை எண்ணில் 1ஐக் கழித்து, அதை 12ஆல் வகுத்தால் வரும் மீதியை மாட் சார்பால் எடுங்கள், மீதி 6க்குக் குறைவென்றால் அதனுடன் 1ஐக் கூட்டுங்கள், இல்லையென்றால் 12இலிருந்து மீதியைக் கழியுங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்ன முறை மதிப்பெண்ணுக்குப் பொருந்தும். துறையையும் சேர்த்தால் அதில் ஒரு சிக்கல் உண்டு. துறைவாரியாக அடுக்கிய பட்டியலில் அந்தக் கணக்குத் துறையினர் 10 முதல் 14 வரையிலான இடங்களில் வருவதாகக் கொள்வோம். வளைத்துச் சுற்றினால் அவர்களுக்குக் கிடைப்பவை 3, 2, 1, 1, 2 ஆகிய குழுக்கள். அதாவது இரு குழுக்களில் இருவர் இருவராகச் சேர, மூன்று குழுக்களுக்கு ஒருவர்கூட இல்லை.

ஆகவே முதலில் துறை, அதற்குள் பாலினம், அதற்குள் மதிப்பெண் என்று அடுக்கி, நேராகவே சுற்றுங்கள். துறை மாறும்போது மீண்டும் 1இலிருந்து தொடங்காமல் எண்ணிக்கையைத் தொடர வேண்டும். இல்லாவிட்டால் உபரி ஆட்கள் எப்போதும் முதல் குழுக்களிலேயே சேருவார்கள். இப்படிச் செய்தால் எந்தத் துறையிலும் குழுவுக்குக் குழு ஒருவருக்கு மேல் வேறுபாடு வராது. மதிப்பெண்ணில் எஞ்சும் வேறுபாட்டை, ஒரே துறையையும் ஒரே பாலினத்தையும் சேர்ந்த இருவரை இடம் மாற்றித் தீர்க்கலாம். ஒரு குழுவின் கூட்டுத்தொகை 520, மற்றொன்றுடையது 508 என்றால், 6 மதிப்பெண் வேறுபாடுள்ள இருவரை மாற்றினால் இரண்டும் 514 ஆகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இந்த இடமாற்றத்தை, நிபந்தனைகளுக்கேற்ற விடையைத் தேடித்தரும் எக்செல் கருவியான சால்வர் தானாகவே செய்துவிடாதா?

மறுமொழி 3:
செய்யும், ஆனால் ஆளுக்கு ஆறு கலங்கள் வைத்து 0, 1 என நிரப்பச் சொன்னால் 288 கலங்களாகிவிடும்; எக்செல்லுடன் வரும் சால்வர் 200 மாறிகளுக்கு (அது நிரப்ப வேண்டிய கலங்களுக்கு) மேல் ஏற்காது. ஆளுக்கு ஒரே கலம், அதில் 1 முதல் 6 வரை முழு எண் என்று வைத்து, சால்வரின் தீர்வு முறைகளுள் எவல்யூஷனரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். குழுவுக்கு எட்டுப் பேர் என்ற நிபந்தனையைத் தனியே கொடுக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், 48 பேருக்கு அது தேவையில்லை. கவுன்டிஃப்ஸ் கொண்டு துறை, பாலின எண்ணிக்கைகளையும், ஆவரேஜிஃப் கொண்டு சராசரிகளையும் காட்டும் சிறு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையாலேயே மாற்றுங்கள். மொத்தப் பாலின எண்ணிக்கை ஏதேனும் ஒரு குழுவில் சாய்ந்திருந்தாலும் அதிலேயே தெரிந்துவிடும். சராசரிகள் ஓரிரு மதிப்பெண்ணுக்குள் வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்; ஒரே தேர்வை மறுநாள் எழுதினால் அதே ஆளுக்கே அவ்வளவு மாறக்கூடும்.