பொங்கல் காசைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா, கணக்கில் போடலாமா?

கெடிலக்கரை அம்மா:
மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்த காசு 900 ரூபாய் இருக்கிறது. தை 5 ஆற்றுத் திருவிழாவுக்கு அதில் 200 ரூபாயை அவன் கையிலேயே கொடுத்து, பிடித்ததை வாங்கிக்கொள் என்று விட நினைக்கிறேன். வீட்டுக்காரர் முழுவதையும் கணக்கில் போடச் சொல்கிறார். நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மஞ்சக்குப்பத்தான்:
வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. அந்த 200 ராட்டினத்துக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் போய்விடும். அஞ்சலகத்தில் 500 ரூபாய் இருந்தால் கணக்கு தொடங்கலாம், இப்போதைக்குப் பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம். 10 வயது நிரம்பிய பிள்ளை தானே வங்கிக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி 2014-லேயே வழி செய்துவிட்டது. அதுவரை பொறுங்கள். பெண் பிள்ளை என்றால் செல்வமகள் திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே போதும்.

முதலியார்பேட்டை டீச்சர்:
தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். நூறில் முப்பத்தேழைக் கழித்து நோட்டில் சரியாக எழுதும் பிள்ளை, கடையில் நூறு ரூபாயை நீட்டிவிட்டு மீதி வாங்காமல் ஓடி வருகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. அம்மா கைபேசியைக் காட்டுகிறார், கடைப் பெட்டி குரல் கொடுக்கிறது, பொருள் கைக்கு வருகிறது. அதற்குத் தெரிந்த கடை அவ்வளவுதான். காசு குறைவதை அது பார்த்ததே இல்லை.

கணக்கில் போட்ட 900 ரூபாய், எட்டு வயதுப் பிள்ளைக்குக் காணாமல் போன காசு. ராட்டினத்துக்கே போகட்டுமே! இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பஞ்சுமிட்டாய்க்குக் காசில்லாமல் நிற்கும்போது அதன் மனது ஒரு கணக்குப் போடும். அந்த நேரத்தில் நீங்கள் பையைத் திறக்காமல் இருந்தால் போதும்.

மஞ்சக்குப்பத்தான்:
ஊரே கூடியிருக்கும் ஆற்றங்கரையில் பிள்ளை அழும்போது எந்த அம்மா பையைத் திறக்காமல் இருப்பார் டீச்சர்? அப்புறம் அது கற்றுக்கொள்வது, அழுதால் காசு வரும் என்பதைத்தான்.

தேவனாம்பட்டினம் அண்ணன்:
இரண்டு பேரும் மாதச் சம்பள வீட்டை வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில்தான் கிடக்கும். அரசு நிவாரணம் வந்தாலும் பள்ளி திறக்கும் நேரத்துச் செலவுக்குப் பற்றாது. அப்போது பிள்ளையின் மண் உண்டியலை உடைப்போம். இப்படி இருக்கும்போது சேமிப்பைப் பற்றி அதற்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

முதலியார்பேட்டை டீச்சர்:
எடுப்பதில் தவறே இல்லை அண்ணே. பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும்போது சொல்லாமல் உடைப்பதுதான் தவறு. வந்து பார்த்தால் மூலையில் ஓட்டுச் சில்லு கிடக்கும். அடுத்த முறை மாமா கொடுக்கும் பத்து ரூபாயை அது உண்டியலில் போடாது, அன்றைக்கே தின்று தீர்க்கும். சேர்த்தால் பறிபோகும் என்று நாமே சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கேட்டு எடுங்கள். எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளையிடம் காட்டுங்கள். தொழில் தொடங்கியதும் திருப்பிப் போடுங்கள்.

தேவனாம்பட்டினம் அண்ணன்:
அப்பா கேட்டால் எட்டு வயதுப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லுமா? அப்படிக் கேட்பது கேட்பதே இல்லை. நோட்டு வேறு போட்டால் அப்பனைக் கடன்காரனாகப் பார்த்து வளரும். அந்தப் பாரம் இந்த வயதில் எதற்கு?

முதலியார்பேட்டை டீச்சர்:
அப்பாவுக்குத் தொழில் இல்லை என்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். அடுப்படியில் நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறது. பாதி தெரிந்து பயப்படுவதைவிட முழுதாகத் தெரிவது நல்லது.

தேவனாம்பட்டினம் அண்ணன்:
சரி, சொல்லாமல் எடுக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். நோட்டு வேண்டாம். தடை முடிந்து முதல் மீன்பாட்டுக் காசு வந்ததும், பிள்ளை பார்க்க அப்பாவே புது உண்டியலில் போடட்டும்.

மஞ்சக்குப்பத்தான்:
இந்த ஒன்றில் நான் டீச்சர் பக்கம். எழுதி வைக்காவிட்டால், டீசல் கடனையும் வலைச் செலவையும் அடைக்கிற அவசரத்தில் பிள்ளை காசுதான் முதலில் மறந்துபோகும். நோட்டு கட்டாயம் வேண்டும். ஆனால் திருவிழாவுக்கு 200 அதிகம் அம்மா, 50 கொடுத்துப் பாருங்கள்.