45 பவுண்டில் ஜாம்பி படமா? யார் காதில் பூச்சுற்றுகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
நேற்று நம் மன்றத்தின் இன்னோர் இழையில் 'இரவுக்காட்சி' என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து சாப்பிட்ட சோறு செரிக்கவில்லை. "பயமுறுத்தப் பணம் எதற்கு, துணிச்சல் போதும். 2008இல் மார்க் பிரைஸ் 45 பவுண்டில் 'கோலின்' என்ற முழுநீள ஜாம்பி படத்தை எடுத்துக் கான் திரைப்பட விழாச் சந்தை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்" என்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல். அந்த 45 எதற்கான 45 என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் கேட்கிறேன். அந்தத் தொகையில் ஒரு கடப்பாரை வாங்கினார்களாம், கேசட் வாங்கினார்களாம், மிச்சத்துக்கு டீயும் பிஸ்கட்டுமாம். சரி, கேமரா? ஏற்கெனவே கையில் இருந்ததாம். நடிகர்கள்? இணையத்தில் கூப்பிட்டதும் சும்மா வந்தார்களாம். ஒப்பனை? பெரிய படங்களில் வேலை பார்த்தவர்கள் ஆசைக்கு வந்து செய்துகொடுத்தார்களாம். என் சித்தப்பாவும் தன் மகள் கல்யாணத்தைப் "பந்தல் செலவே இல்லாமல்" நடத்தியதாக இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். பந்தல் போட்டவர் என் தாய்மாமா.

இரவுக்காட்சி:
ஐயா, உங்கள் சித்தப்பாவுக்கும் ஜாம்பிக்கும் என்ன சம்பந்தம்? 'கோலின்' படத்தில் நாயகனே கடிபட்டுச் செத்து எழுந்து நடப்பவன். கேமரா அவன் பின்னாலேயே போகிறது. உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துத்தான் நமக்குப் பயம் வருகிறது. வாய் திறந்து பேசாத, முகம் அழுகிய ஒருவனை நம்பி எந்த முதலாளி பணம் போடுவார்? காசு இல்லாததால்தான் அந்தப் பையன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. இதைப் பற்றிப் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை:
பேசலாம். முதலில் 45 சரியா, தவறா?

மாடிப்படி:
ஒரு நிமிடம். 'குறைந்த செலவு' என்றால் எவ்வளவு? 'ஜாம்பி' என்றால் செத்து எழுந்தவனா, நோய் தொற்றியவனா? இதைத் தீர்த்துக்கொண்டு மேலே போகலாமே. டேனி பாயில் 2002இல் எடுத்த '28 டேஸ் லேட்டர்' படத்தில் யாரும் செத்து எழவில்லை. கிருமி தொற்றி ஓடுகிறார்கள். பெரும்பகுதியைக் கேனான் எக்ஸ்எல்1 என்ற சாதாரண டிஜிட்டல் கேமராவில் எடுத்தார்கள். செலவோ சுமார் 80 லட்சம் டாலர். இது எந்தக் கணக்கில் வரும்?

கணக்குப்பிள்ளை:
80 லட்சம் ஆனது, 80 லட்சம் என்று சொன்னார்கள். அது யோக்கியம். நான் கேட்பது 45ஐப் பற்றி.

முன்வரிசை:
கணக்கை விடுங்கள். இந்தப் படங்களை உண்மையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? 'கோலின்' படத்தில் சண்டை வந்துவிட்டால் திரை ஆடுகிற ஆட்டத்தில் யார் கடிக்கிறார், யார் கடிபடுகிறார் என்றே தெரியவில்லை. இதைத்தான் "யதார்த்தம்" என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறீர்கள். ஒப்பனை ஓட்டையை மறைக்க இருட்டு, நடிப்பு ஓட்டையை மறைக்க ஆட்டம். படத்தையாவது இருட்டில் ஒளித்துவிடலாம். ஒலியை எங்கே ஒளிப்பது? கேமராவோடு வந்த மைக்கில் பதிந்த வசனம் குளியலறையில் பேசுவதுபோல் ஒலிக்கும். பக்கத்துத் தெரு லாரியும் கூடவே வரும். உலகமே செத்துப்போன கதையில் லாரி ஓட்டுவது யார்?

பழையசுருள்:
முன்வரிசை சொல்வது கூலிக்கு எடுத்த குப்பைகளுக்குப் பொருந்தும். இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவைத் தொடாதீர்கள். அவருடைய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', 1968. பிட்ஸ்பர்க் பக்கத்தில் பத்துப் பேர் ஆளுக்கு 600 டாலர் போட்டுத் தொடங்கினார்கள்; மொத்தம் 1,14,000 டாலரில் முடிந்தது. கறுப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. பிணம் தின்னும் காட்சிக்குக் கசாப்புக் கடைச் சரக்கு. வண்ணத்தில் எடுத்திருந்தால் சிரித்திருப்போம். கறுப்பு வெள்ளையில் அது செய்திப்படம்போல் வயிற்றைப் புரட்டுகிறது. கடைசியில், அத்தனை ஜாம்பிகளிடமிருந்தும் தப்பிய அந்தக் கறுப்பின நாயகனைக் காப்பாற்ற வந்தவர்களே ஜாம்பி என்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில், 1968இல். இந்த முடிவை எந்தப் பெரிய கம்பெனி விட்டுவைத்திருக்கும்?

மாடிப்படி:
முடிவைச் சொல்லிவிட்டீர்களே! இந்த வாரம் பார்ப்பதாக இருந்தேன்.

பழையசுருள்:
அம்மா, படம் வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

மாடிப்படி:
இருக்கட்டுமே. நான் இன்னும் பார்க்கவில்லையே.

கணக்குப்பிள்ளை:
ரொமேரோவைக் கொண்டுவந்ததற்கு நன்றி. பாருங்கள்: பத்துப் பேர், ஆளுக்கு 600, மொத்தம் 1,14,000. ஒரு மனிதர் கணக்கு வைத்திருக்கிறார்! அவரும் நண்பர்களைத்தான் நடிக்க வைத்தார், சாக்லேட் பாகைத்தான் ஊற்றினார். ஆனால் "டீ செலவில் எடுத்தேன்" என்று பீற்றிக்கொள்ளவில்லை. இரவுக்காட்சி எங்கே போனார்?

பழையசுருள்:
உங்களுக்குத் துணையாக நான் எழுதவில்லை. கணக்கு வைத்திருந்த அதே கூட்டம்தான் பதிப்புரிமையைக் கோட்டைவிட்டது. முதலில் வேறு பெயர். வினியோகஸ்தர் பெயரை மாற்றியபோது தலைப்போடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் பொதுச் சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், கேசட் போட்டு விற்கலாம். எடுத்தவர்களுக்கு வரவேண்டியது வரவில்லை.

முன்வரிசை:
அப்படியானால் படம் புகழ்பெற்றது இலவசமாகக் கிடைத்ததால்தான். தரத்தால் இல்லை. நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

பழையசுருள்:
எங்கே சொன்னேன்?

வயல்வரப்பு:
நான் கொஞ்சம் சொல்லலாமா? நாங்கள் ஐந்து பேர், எங்கள் ஊர் மூடிக்கிடந்த அரிசி ஆலையில் 20 நிமிட ஜாம்பி குறும்படம் எடுத்தோம். சாக்லேட் பாகு வாங்கக் காசில்லை. வெல்லப்பாகில் குங்குமம் கலந்தோம். பார்க்க அசல் ரத்தம். பிணமாக நடித்தது என் அத்தை மகன். கழுத்தில் பாகை ஊற்றித் தரையில் படுக்க வைத்துவிட்டு விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தோம். அதற்குள் ஆலைத் தரையிலிருந்து கட்டெறும்பு வரிசை கட்டி அவன் காதுப் பக்கமாக ஏறிவிட்டது. அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பிறகு எழுந்தான் பாருங்கள், அப்படி ஒரு ஜாம்பி எழுவதை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. கேமரா ஓடவில்லை.

இரவுக்காட்சி:
இதுதான் தம்பி நான் சொல்லும் துணிச்சல்!

கணக்குப்பிள்ளை:
தம்பி வயல்வரப்பு, உங்கள் படத்துக்கு எவ்வளவு செலவு?

வயல்வரப்பு:
7,400 ரூபாய் அண்ணா. அதில் பிரியாணி மட்டும் 4,000.

கணக்குப்பிள்ளை:
எல்லோரும் கவனியுங்கள். 20 நிமிடத்துக்கு 7,400. ஐந்து பேர், அதில் ஒருவர் எறும்புக்கு இரையாகியிருக்கிறார். பிரியாணியை மறைக்காமல் எழுதுகிறார். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'கோலின்' 45 பவுண்டாம். அத்தனை ஜாம்பிகளும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தார்களா?

இரவுக்காட்சி:
உங்களுக்கு 45 என்ற எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாதா? ஜப்பானில் ஷினிச்சிரோ உவேதா எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' பாருங்கள். 30 லட்சம் யென்னில், நடிப்புப் பட்டறைக்கு வந்த பிரபலமாகாதவர்களை வைத்து 2017இல் எடுத்தார். முதல் 37 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே காட்சி. நடுவில் நடிகர்கள் காரணமில்லாமல் விழிக்கிறார்கள், யாரோ கேமரா கண்ணாடியைத் துடைக்கிறார்கள். முன்வரிசை போன்றவர்கள் அங்கேயே எழுந்து போயிருப்பார்கள். பிற்பாதியில், அந்த ஒவ்வொரு தப்பும் ஏன் நடந்தது என்று காட்டும்போது வயிறு வலிக்கச் சிரித்தேன். ஏழ்மையையே கதையாக்கிவிட்டார் மனிதர். ஜப்பானில் 300 கோடி யென்னுக்கு மேல் வசூல்.

முன்வரிசை:
நான் எழுந்து போகவில்லை. முழுதாகப் பார்த்தேன். அது ஜாம்பி படமே இல்லை, ஜாம்பி படம் எடுப்பவர்களைப் பற்றிய படம். பயமே வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
30 லட்சம் யென் என்று ஒப்புக்கொண்டார்கள். 45 யென் என்று சொல்லவில்லை.

மாடிப்படி:
இதற்கும் முடிவைச் சொல்லிவிட்டீர்கள். மிக்க நன்றி.

அகராதி:
தமிழில் எழுதும்போது 'ஜாம்பி' என்பது தவறு. ஆங்கில ஒலிப்புக்கு நெருக்கமானது 'ஸாம்பி'. கிரந்தம் வேண்டாம் என்பவர்கள் 'சாம்பி' என்று எழுதலாம்.

பழையசுருள்:
'சாம்பி' என்றால் சாம்பாருக்குத் தங்கைபோல் இருக்கிறது. ரொமேரோவின் அந்தப் படத்தில் ஜாம்பி என்ற சொல்லே வராது. பிணந்தின்னி என்ற பொருளில் 'கூல்' (ghoul) என்றுதான் சொல்வார்கள்.

அகராதி:
வராத சொல்லையும் சரியாக எழுதலாம் அல்லவா?

கணக்குப்பிள்ளை:
எழுத்துப் பிழை பிறகு. எண் பிழை முதலில்.

இரவுக்காட்சி:
எண், எண், எண்! சரி ஐயா, நேரடியாகவே கேட்கிறேன். உங்களுக்குக் கோபம் 45 பவுண்டின் மீதா, என் மீதா? போன வருடம் பேய்ப் பட இழையில் நீங்கள் ஆண்டைத் தவறாக எழுதி நான் திருத்தினேனே, அன்றிலிருந்தே நீங்கள் இப்படித்தான்.

கணக்குப்பிள்ளை:
அதை நான் மறந்தே போய்விட்டேன். ஓர் ஆண்டுதான் தவறியது. நீங்கள் அதற்கு மூன்று சிரிப்புக் குறி போட்டீர்கள். அது கிடக்கட்டும். ஹார்ட் டிஸ்க் விஷயத்தை இங்கே சொல்லலாமா?

இரவுக்காட்சி:
தாராளமாகச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
என்னிடம் வாங்கிப்போன ஹார்ட் டிஸ்க்கில்தான் 'கோலின்' இருந்தது. இவர் அந்தப் படத்தைப் பார்த்ததே என் தயவில். 11 மாதமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை. அதன் விலை 45 பவுண்டுக்கு மேல்.

வயல்வரப்பு:
அண்ணா, எங்கள் குறும்படத்தின் இணைப்பைப் போடட்டுமா? ஒலி மட்டும் கொஞ்சம் சுமாராக இருக்கும்.

முன்வரிசை:
லாரி வருகிறதா?

வயல்வரப்பு:
டிராக்டர்.

இரவுக்காட்சி:
கூரியரில் அனுப்பிவிடுகிறேன். கூரியர் செலவு யாருடையது?

கணக்குப்பிள்ளை:
அதையும் 45இல் சேர்த்துக்கொள்ளுங்கள்.