கூப்பனில் பேர் இல்லாத வீட்டுக்காரர்

மட்டுவில்காரி:
1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குள்ளை யாழ்ப்பாணத்து வலிகாமத்தாலை சனம் வெளிக்கிட்ட கதையை நிறையப் பேர் எழுதிப்போட்டினம். அந்தச் சனம் வந்து சேர்ந்த எங்கடை தென்மராட்சிப் பக்கத்தை நான் சொல்லுறன். நாவற்குழிப் பாலம் தாண்டி மழைக்குள்ளை வந்த ஆக்கள் லட்சக்கணக்கு. பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் நிரம்ப, மிச்சச்சனம் வீடுகளுக்கு வந்தது. எங்கடை விறாந்தை, மாட்டுக்கொட்டில் எல்லாம் ஆக்கள்தான்.

கார்த்திகையிலை தென்மராட்சியிலை நெல்லு வயலிலைதான் நிக்கும். விதைப்புக்குப் போக வீட்டுச் சாக்கிலை மிஞ்சினதை வைச்சுத்தான் தை மாசி அறுவடை மட்டும் சமாளிக்கவேணும். அம்மா அதைத்தான் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினா. முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் போட்டு. சோறு வடிக்கிறதை நிப்பாட்டினா, எங்களுக்கும்தான்.

பிறகு சங்கக்கடையிலை, அதுதான் கூட்டுறவுக் கடையிலை, கூப்பன் அட்டைக்கு நிவாரணம் வந்தது: அரிசி, மா, பருப்பு, சீனி. விதானையார் (கிராம அலுவலர்) பதிஞ்சது இடம்பெயர்ந்த குடும்பங்களை மட்டும். எங்கடை சாக்கு வெறுமையானதை ஒருத்தரும் பதியேல்லை. எங்களோடை இருந்த கொக்குவில் அன்ரிதான் தன்ரை மாவை அம்மாட்டைக் குடுத்திடுவா. "ஒரே அடுப்புத்தானே அக்கா" எண்டுவா. பின்னேரத்திலை எல்லாருக்கும் புட்டு.

கோண்டாவிலான்:
எல்லா வீடும் உங்கடை வீடு இல்லை அக்கா. எங்களுக்கு அறை வாடகைக்குத்தான் கிடைச்சது, தேங்காய் விலையும் ஏறிப்போச்சு. கிணத்தடியிலை நாளும் சண்டை. ஆனா வீட்டுக்காரரையும் குறை சொல்லேலாது. ஒரு குடும்பத்துக்கு வெட்டின கிணத்திலை அவ்வளவு சனம் அள்ளினா என்ன நடக்கும்?

இன்னொண்டு. நிவாரண மாவை நாங்கள் வித்ததைப் பார்த்து, இவைக்குப் பசியில்லை எண்டு கதைச்சவை. விறகுக்கும் தேங்காய்க்கும் வேறை என்னத்தைக் குடுக்கிறது? அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைக்குள்ளை மண்ணெண்ணெய் விலையையும் யோசியுங்கோ.

சோனகதெரு:
எங்களுக்கும் அதே திகதிதான், அஞ்சு வருசம் முன்னம். 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஆக்களைப் புலிகள் வெளியேத்தின நாள். புத்தளத்திலை முதல் நாள்களிலை ஊராக்கள் சமைச்சுக் கொண்டுவந்து தந்ததை உம்மா இப்பவும் சொல்லுவா.

உலர் உணவு வருசக்கணக்காத் தொடரத்தான் முகங்கள் மாறினது. எங்களிட்டை அரிசி இருந்தபடியாலை குறைஞ்ச கூலிக்கும் வேலைக்குப் போனம். அங்கத்தை ஏழைக்கு கூப்பனும் இல்லை, கூலியும் குறைஞ்சு போச்சு. அவையின்ரை கோவத்திலை பிழை சொல்லமாட்டன். வெளியேத்தினது அவையில்லையே! ரெண்டு பக்கத்து ஏழையளையும் சேர்த்துப் பதிஞ்சிருக்கலாம்.

கள அலுவலர், ஓய்வு:
2009 கடைசியிலை வவுனியா மனிக்பாம் முகாமிலையிருந்து யாழ்ப்பாணம் வந்தவையும் முதல்லை சொந்தக்காரர் வீடுகளிலைதான் நிண்டவை. உலக உணவுத் திட்டத்தின்ரை உலர் உணவை நாங்கள் பட்டியல் பார்த்துத்தான் குடுத்தம். குடுக்கிற ஆளுக்குப் பட்டியல் லேசு, கேள்வி வந்தாக் காட்டலாம். அதே முத்தத்திலை விளையாடுற வீட்டுக்காரரின்ரை பிள்ளை மெலிஞ்சு நிண்டாலும் பட்டியலுக்குத் தெரியாது.

கிளினிக்கிலை திரிபோஷா எண்ட சத்துமா குடுக்கிறது வேறை மாதிரி. மருத்துவிச்சி அம்மா பிள்ளையைத் தராசிலை போடுவா, அட்டையிலை புள்ளி வைப்பா. நிறை குறைஞ்ச பிள்ளைக்குப் பைக்கற் கிடைக்கும், கர்ப்பிணித்தாய்க்கும் கிடைக்கும். எந்த ஊர், எப்ப வந்தனியள் எண்ட கேள்வியே இல்லை. உலர் உணவையும் அப்பிடிப் பிரிக்கேலாது எண்டு கூட்டங்களிலை சொன்னவை. தாயும் பிள்ளையும் இருக்கிற வீடுகளிலையெண்டாலும் செய்திருக்கலாம் எண்டுதான் நான் இப்பவும் சொல்லுவன்.